சதுரமும் முறுக்கும்

என் மேசையில் இரண்டு சாவித் தொங்கல்கள் கிடக்கின்றன. இரண்டையும் பின்னியவள் அக்கா மகள். ஏழாம் வகுப்பு படிக்கிறாள். ஒரே கட்டிலிருந்து வெட்டிய ஒயர், அதே சிவப்பு, அதே மஞ்சள். வரிசைகளும் ஏறத்தாழ சமம்தான். ஆனால் ஒன்று செதுக்கி வைத்த சதுரத் தூண் மாதிரி நேராக இருக்கிறது. இன்னொன்று கைமுறுக்குப் போலத் திருகிக்கொண்டே போகிறது.

"ஏம்மா, இதை மட்டும் எதுக்குத் திருகின?" என்று கேட்டேன்.

"நான் எங்க மாமா திருகினேன்? அதுவாத்தான் திருகிக்கிச்சு."

சாக்குச் சொல்கிறாள் என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு நானும் இரண்டு இழைகளை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஒரு மணி நேரம் கழித்து, அவள் சொன்னது முழு உண்மை என்று ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று. திருகியது அவள் கையல்ல, ஒயர்தான்.

இந்தக் கைவேலைக்கு நம் ஊரில் தனிப்பெயர் கிடையாது. கூடை பின்னுகிற ஒயரில் மிச்சம் விழும் துண்டுகளில் செய்வது என்பதால் 'ஒயர் சாவிக்கொத்து' என்று சொல்லி விட்டுவிடுகிறோம். பிரான்சில் இதற்கு 'ஸ்கூபிடூ' என்று பெயர். 1958-ல் சாஷா டிஸ்டெல் என்ற பாடகரின் ஒரு பாட்டு அங்கே பெரிய வெற்றி பெற்றது. அந்தப் பாட்டின் பெயரே அப்போது பள்ளிப் பிள்ளைகளின் கையிலிருந்த வண்ணப் பின்னலுக்கும் ஒட்டிக்கொண்டது. (கார்ட்டூன் நாய் 1969-ல்தான் வந்தது, அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை.) அமெரிக்காவில் 'கிம்ப்', 'லான்யார்ட்', 'பூன்டாகிள்' என்று ஊருக்கு ஒரு பெயர். கோடை முகாமுக்குப் போகும் பிள்ளைகள் அங்கே இதைப் பின்னாமல் வீடு திரும்புவதில்லை.

இழையிலும் வித்தியாசம் உண்டு. பிரெஞ்சுப் பிள்ளைகளுடையது உள்ளே துளையுள்ள மெல்லிய குழாய். அமெரிக்கர்களுடையது சுமார் இரண்டரை மில்லிமீட்டர் அகலப் பட்டை. நம் கூடை ஒயரும் பட்டைச் சாதிதான். பட்டை இழைக்கு ஒரு குணம்: தடிமன் பக்கமாக மடி என்றால் உடனே மடியும், அகலப் பக்கமாக மடி என்றால் முரண்டு பிடிக்கும். வளைப்பதற்கு வேண்டிய விசை, வளைக்கும் திசையிலுள்ள தடிமனின் மும்மடிப் பெருக்கத்தோடு கூடுகிறது. அந்தத் தடிமன் இருமடங்கானால் விறைப்பு எட்டு மடங்கு. அதனால்தான் பட்டை ஒயர் எங்கே மடிய வேண்டும் என்று நாம் சொல்லித்தர வேண்டியதில்லை. கூர்மையாக, ஒரே வாட்டத்தில் மடிந்து படிகிறது. அந்தப் படிமானம்தான் தொங்கலின் நாலு முகத்தையும் அவ்வளவு சுத்தமாகக் காட்டுகிறது.

பின்னும் முறையைச் சொல்லிவிடுகிறேன். சிவப்பு ஒன்று, மஞ்சள் ஒன்று. இரண்டையும் நடுவில் வைத்துக் கூட்டல் குறி போலக் குறுக்கே போட்டால் நாலு முனை கிடைக்கும். வடக்கு முனையைத் தெற்கே மடித்துப் போடுங்கள். தெற்கு முனையை அதன் பக்கத்திலேயே வடக்கே மடித்துப் போடுங்கள். சிவப்பில் இரண்டு வளைவு வந்துவிட்டது. இப்போது கிழக்கிலிருக்கும் மஞ்சள் முனை முதல் வளைவுக்கு மேலே ஏறி, இரண்டாவது வளைவுக்குள் நுழைந்து மேற்கே வெளியே வரவேண்டும். மேற்கு முனையும் அதேபோல எதிர்த் திசையில். நாலு முனையையும் பிடித்துச் சேர்த்து இழுத்தால், நாலு கட்டம் கொண்ட குட்டிச் சதுரங்கப் பலகை ஒன்று கையில் நிற்கும். இதுதான் ஒரு வரிசை. இப்படியே ஐம்பது, அறுபது வரிசை.

இது பிளாஸ்டிக் காலத்துக் கண்டுபிடிப்பு அல்ல. பாய்மரக் கப்பல் மாலுமிகள் கயிற்றில் போட்ட 'கிரீட முடிச்சு'தான் இது. கடலோடிகளின் முடிச்சுகளை வாழ்நாளெல்லாம் சேகரித்த கிளிஃபர்ட் ஆஷ்லி 1944-ல் வெளியிட்ட புத்தகத்தில் 3,800-க்கும் மேற்பட்ட பதிவுகள் உண்டு. கிரீட முடிச்சை அடுக்கிப் பின்னும் வகைகளும் அவற்றில் அடக்கம்.

அந்த ஒரே வரிசையைக் கொஞ்சம் கூர்ந்து பாருங்கள். எந்த இழை எல்லாவற்றுக்கும் மேலே இருக்கிறது? கிழக்கு மஞ்சள் ஒரு சிவப்பின்மேல் ஏறியிருக்கிறது. அந்தச் சிவப்பு மேற்கு மஞ்சளின்மேல் இருக்கிறது. மேற்கு மஞ்சள் அடுத்த சிவப்பின்மேல். அந்தச் சிவப்போ, முதலில் பார்த்தோமே, அந்தக் கிழக்கு மஞ்சளின்மேலேயே இருக்கிறது! சுற்றி வந்தால் புறப்பட்ட இடம். மேலானது என்று ஒன்று இல்லை. கீழானது என்றும் ஒன்று இல்லை.

இதை நாம் எல்லோரும் வீட்டில் செய்திருக்கிறோம். மளிகைக் கடை அட்டைப்பெட்டியை டேப் ஒட்டாமல் மூடுவது எப்படி? நாலு மடலையும் ஒன்றின் மேல் ஒன்றாகச் சுற்றி வைத்து, கடைசி மடலின் ஓரத்தை முதல் மடலுக்கு அடியில் செருகிவிடுவோம். பசையில்லை, கயிறில்லை, ஆனாலும் பெட்டி திறக்காது. ஒவ்வொரு மடலையும் அதன் பக்கத்து மடல் அமுக்கிப் பிடித்திருக்கிறது. தானாக முதலில் எழுந்திருக்க எதற்கும் வழியில்லை. சாவித் தொங்கல் என்பது இப்படி மூடிய ஐம்பது அட்டைப்பெட்டிகளின் அடுக்கு.

இனி அந்தத் திருகலுக்கு வருவோம்.

முதல் வரிசை முடிந்ததும் ஒவ்வொரு முனையும் அதனதன் பக்கத்தில் நட்டநடுவில் இருக்காது. ஒரு மூலையை ஒட்டி ஒதுங்கியிருக்கும். இரண்டாவது வரிசையில் அதை வந்த வழியே நேராகத் திருப்பி மடித்தால், முதல் வரிசை வலமாகச் சுற்றியது என்றால் இரண்டாவது இடமாகச் சுற்றும். மூன்றாவது மறுபடி வலம். மூலைக்கு மூலை குறுக்காக மடித்தாலோ, வலம், வலம், வலம் என்று ஒரே சுற்றாகவே போகும். கை செய்யும் வித்தியாசம் இவ்வளவுதான்: நேரா, குறுக்கா.

இழையை இறுக்கும்போது அது தன் பாதையைக் குறுக்கிக்கொள்ளப் பார்க்கும். குறுக்காகக் கிடக்கும் இழை நேராவதற்கு ஒரே வழி, தான் உட்கார்ந்திருக்கும் வரிசையைக் கொஞ்சம் திருப்பிவிடுவது. சதுரப் பின்னலில் ஒரு வரிசை வலப்பக்கம் கொடுக்கும் சிறு திருப்பத்தை அடுத்த வரிசை இடப்பக்கம் கொடுத்துக் கழித்துவிடுகிறது. கணக்கு சுழி, தூண் நேராக ஏறுகிறது. முறுக்குப் பின்னலில் கழிப்பதற்கு ஆளில்லை. கண்ணுக்குத் தெரியாத சின்னத் திருப்பங்கள் சேர்ந்து சேர்ந்து, பத்துப் பன்னிரண்டு வரிசைக்குள் முழுத் திருகாகிவிடுகின்றன. சதுரத்தில் நிறங்கள் நேர்க்கோடாக மேலேறுகின்றன. முறுக்கில் சுற்றுப்படி மாதிரி சுழன்றேறுகின்றன. அக்கா மகள் இரண்டாவது தொங்கலில் முதல் குறுக்கு மடிப்பைத் தெரியாமல் போட்டிருக்கிறாள். பிறகு ஒவ்வொரு வரிசையையும் முந்தைய வரிசையைப் பார்த்தே போட்டிருக்கிறாள். மீதியை இழுவிசை பார்த்துக்கொண்டது.

என் முயற்சி இன்னும் பரிதாபம். எட்டாவது வரிசையில் போன் வந்தது. பேசிவிட்டுத் திரும்பியவன் ஒரே ஒரு வரிசையைக் குறுக்காகப் போட்டுவிட்டு, பழையபடி நேராகத் தொடர்ந்தேன். அந்தத் தூண் இப்போது எட்டாவது வரிசையில் தோளைக் குலுக்கிக்கொண்டு நிற்கிறது. கீழே நேர், மேலேயும் நேர், நடுவில் ஒரு இடறல். ஒரு போன் அழைப்பு எந்த இடத்தில் வந்தது என்பதை இவ்வளவு துல்லியமாகப் பதிவு செய்து வைக்கும் கருவி என்னிடம் வேறில்லை.

முறுக்கைப் பற்றி இன்னொன்று. அதைத் தலைகீழாகத் திருப்பிப் பிடித்துப் பாருங்கள்; திருகும் திசை மாறாது. வலத்திருகு எப்படிப் பிடித்தாலும் வலத்திருகுதான். கண்ணாடியில் பார்த்தால் மட்டும்தான் இடமாகும். அப்படியானால் சங்கு விஷயத்தில் ஏன் அவ்வளவு குழப்பம்? நாம் வலம்புரி என்று பூசையில் வைக்கும் அபூர்வச் சங்கை விலங்கியலார் இடச்சுருள் என்கிறார்கள். சங்கின் சுருளில் தகராறு எதுவுமில்லை, பிடிக்கிற முறையில்தான் தகராறு. விலங்கியலார் கூர்முனையை மேலே வைத்து வாய் எந்தப் பக்கம் திறக்கிறது என்று பார்க்கிறார்கள்; நம் மரபில் கூர்முனை கீழே. பெயர் மாறுகிறது, சுருள் மாறுவதில்லை.

சரி, தூண் நேராகவோ திருகியோ ஏறிவிட்டது. அது ஏன் அவிழ்ந்துபோகாமல் நிற்கிறது? கணிதப்படி பார்த்தால் அது முடிச்சே இல்லை. கணிதக்காரர்களுக்கு முடிச்சு என்றால் முனைகள் இரண்டும் ஒட்டிய வளையமாக இருக்க வேண்டும். முனை சும்மா தொங்கினால், வந்த வழியே உருவி எடுத்துவிடலாம் என்று தள்ளிவிடுவார்கள். நம் தொங்கலையும் மேலிருந்து ஒவ்வொரு வரிசையாகப் பிரித்து, கடைசியில் இரண்டு வெற்று ஒயரைக் கையில் எடுத்துவிட முடியும். அதை நிறுத்தி வைத்திருப்பது வடிவம் மட்டுமல்ல, உராய்வு.

படகுத்துறையில் பார்த்திருப்பீர்கள். கரைக்கு வந்த படகின் கயிற்றை ஒருவர் கட்டையில் இரண்டு சுற்றுச் சுற்றி, முனையைச் சும்மா பிடித்துக்கொண்டு பேசிக்கொண்டிருப்பார். படகு இழுக்கும், கயிறு நகராது. 18-ஆம் நூற்றாண்டில் கணிதமேதை ஆய்லர் இதற்குக் கணக்குப் போட்டார். சுற்று கூடக் கூடப் பிடிமானம் கூட்டலாக வளர்வதில்லை, பெருக்கலாக வளர்கிறது. உராய்வு எண் 0.3 என்று வைத்துக்கொண்டால், ஒரு சுற்றுக்குப் பிடிப்பு 6.6 மடங்கு, இரண்டு சுற்றுக்கு 43 மடங்கு, மூன்று சுற்றுக்கு 285 மடங்கு. ஒரு கிலோ விசையில் முனையைப் பிடித்திருக்கும் ஆள், மூன்றே சுற்றில் கால் டன்னுக்கு மேல் தாங்கிவிடுவார். தொங்கலில் ஒவ்வொரு இழையும் ஒவ்வொரு வரிசையிலும் அரைச் சுற்றாக மடிகிறது. இரண்டு வரிசைக்கு ஒரு சுற்று. ஆறு வரிசைக்குக் கீழே இருக்கும் இழையை உருவிப் பாருங்கள், குறடு வேண்டும்.

ஆனால் பெருக்கலில் ஒரு பொல்லாத்தனம் இருக்கிறது. முனையில் பிடிப்பவர் விட்டுவிட்டால்? பூச்சியத்தை 285-ஆல் பெருக்கினாலும் பூச்சியம்தான். தொங்கலின் உச்சியில் முனைகளை யாரும் பிடித்திருப்பதில்லை. அதனால்தான் கீழே கல் மாதிரி இறுகிக் கிடக்கும் அதே பின்னல், மேல் வரிசையில் மட்டும் பையில் உரசி உரசி வாயைப் பிளக்கிறது. அந்த ஒரு வரிசை திறந்தால் அடுத்தது உச்சி ஆகிறது. பிறகு அதற்கும் அதே கதி.

அப்படியானால் முதல் பிடிப்பை யார் கொடுக்கிறார்கள்? ஒயரே கொடுக்கிறது. இறுக்கும்போது இழை ஒரு சிறு அளவு நீள்கிறது. கையை விட்டதும் சுருங்கப் பார்க்கிறது. சுருங்க இடமில்லாததால் பக்கத்து இழையைக் கவ்விப் பிடிக்கிறது. சணல் கயிற்றில் இதையே பின்னினால் தொளதொளவென்று இருப்பதற்குக் காரணம் இதுதான். சணலுக்கு அந்தச் சுருங்கும் ஆசை மிகக் குறைவு. ஒயருக்கு இன்னொரு குணமும் இருக்கிறது. மாதக்கணக்கில் மடிந்த நிலையிலேயே இருந்தால் மடிப்பையே தன் இயல்பாக்கிக்கொள்ளும். பழைய தொங்கலைப் பிரித்தால் ஒயர் நேராக வராது, ரம்பப் பல் மாதிரி மடிப்பு மடிப்பாகவே நிற்கும். வெந்நீரில் கொஞ்ச நேரம் போட்டால்தான் பழையதை மறந்து ஓரளவு நேராகும். எனவே தொங்கலுக்கு வயது ஏற ஏற, இறுக்கம் கொஞ்சம் குறைந்தாலும் அவிழும் எண்ணமும் குறைந்துவிடுகிறது.

சதுரத்தில் பார்த்த அந்த 'மாற்றிப் போடும்' தந்திரம் வேறொரு இடத்திலும் தலைகாட்டுகிறது. பார்சலில் சணல் கட்டும்போது வலது முனையை இடதின்மேல் போட்டு ஒரு முடி, பிறகு இடதை வலதின்மேல் போட்டு ஒரு முடி போட்டால் அது அமர்ந்து நிற்கும். இரண்டு தடவையும் வலதையே மேலே போட்டால் கோணலாகத் திரும்பி, இழுக்க இழுக்க நழுவும். மாலுமிகள் பல நூற்றாண்டாக அறிந்த விஷயம். ஏன் என்பதற்கு நல்ல விடை 2020-ல்தான் வந்தது. அமெரிக்காவின் எம்.ஐ.டி. நிறுவனத்தில் விஷால் பாட்டீல், ஜோசப் சான்ட், மத்தியாஸ் கோலெ, யோர்ன் டுங்கல் ஆகியோர் 'சயின்ஸ்' இதழில் அதை வெளியிட்டார்கள்.

அவர்கள் கையாண்ட இழை நம் ஒயரைவிட வேடிக்கையானது. இழுத்தால் நிறம் மாறும். அதில் முடிச்சைப் போட்டு இறுக்கினால் எங்கே அழுத்தம் அதிகம், எங்கே குறைவு என்பது பச்சை, மஞ்சள் என்று கண்முன்னே விரியும். அந்த வண்ணப்படத்தைக் கணினிக் கணக்கோடு ஒப்பிட்டு மூன்று விஷயங்களைச் சொன்னார்கள். இழைகள் ஒன்றையொன்று கடக்கும் இடங்கள் எத்தனை; அடுத்தடுத்த கடப்புகளில் இழை ஒரே பக்கம் உருள்கிறதா, மாறி மாறி எதிர்ப்பக்கம் உருள்கிறதா; அருகருகே ஓடும் இழைகள் எதிரெதிராக உரசுகின்றனவா. ஒரு கடப்பில் இடப்பக்கமும் அடுத்ததில் வலப்பக்கமும் உருள முயன்றால் இழை தன்னோடு தானே மல்லுக்கட்டி நின்றுவிடும். இரண்டிலும் ஒரே பக்கம் என்றால் உருண்டு நழுவிவிடும். அவர்கள் சோதித்தது இரண்டு கயிறுகளை இணைக்கும் முடிச்சுகளை; சாவித் தொங்கலை அல்ல. ஆனாலும் நேராக நிற்கும் சதுரத்தையும் திருகி ஓடும் முறுக்கையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு அந்தக் கட்டுரையைப் படித்தபோது எனக்குப் பழக்கப்பட்ட முகத்தைக் கூட்டத்தில் பார்த்த மாதிரி இருந்தது.

இந்தக் கைவேலையைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் முடிச்சோடு நிறுத்திக்கொள்வார்கள். என்னைக் கேட்டால் இதில் பாதி வியப்பு ஒயரில்தான் இருக்கிறது.

ஒயர், பி.வி.சி. என்ற பாலிவினைல் குளோரைடு. எடையில் பாதிக்கு மேல், ஏறத்தாழ 57 விழுக்காடு, குளோரின். அந்தக் குளோரின் வருவது சாதாரண உப்பிலிருந்து. மேட்டூரிலும் கடலூரிலும் பி.வி.சி. தயாரிக்கும் ஆலைகள் இருக்கின்றன. 1872-ல் ஜெர்மானிய வேதியியலாளர் ஆய்கன் பௌமன், வினைல் குளோரைடு வாயு அடைத்த குடுவைகள் வெயிலில் இருந்தபோது உள்ளே வெள்ளைத் திடப்பொருள் படிந்ததைப் பார்த்தார். அதை வைத்து என்ன செய்வது என்று அடுத்த ஐம்பது ஆண்டுக்கு யாருக்கும் தெளிவாகத் தெரியவில்லை. விறைப்பானது, வளைத்தால் உடைவது, உருக்கப் போனால் சிதைந்து அமிலப் புகை கக்குவது. வீட்டுச் சுவரோரம் ஓடும் தண்ணீர்க் குழாயை நினைத்துக்கொள்ளுங்கள். அதுவும் இதே பொருள்தான். அந்தக் குழாயில் முடிச்சுப் போட முடியுமா?

1926-ல் அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்தில் குட்ரிச் ரப்பர் நிறுவனத்தில் வேலை பார்த்த வால்டோ செமன், ரப்பரை உலோகத்தோடு ஒட்டவைக்கும் பசை ஒன்றைத் தேடிக்கொண்டிருந்தார். கொதிநிலை மிக உயர்ந்த ஒரு திரவத்தில் பி.வி.சி.யைப் போட்டுச் சூடாக்கினார். ஆறியதும் கிடைத்தது பசையல்ல. துள்ளக்கூடிய, வளையக்கூடிய ஒரு வழவழப்பான பொருள். எதற்கும் ஒட்டவில்லை. பசை தேடியவருக்குத் தோல்வி. ஆனால் மின்கம்பி உறை, மழைக்கோட்டு, தரைவிரிப்பு, சாவித் தொங்கல் எல்லாம் அந்தத் தோல்வியிலிருந்து வந்தவை.

நடந்தது என்ன என்பதைச் சமையலறையில் பார்க்கலாம். வேகவைத்து வடித்த சேமியா ஆறினால் ஒரே கட்டியாக ஒட்டிக்கொள்ளும். ஒரு ஸ்பூன் எண்ணெய் விட்டுக் கிளறினால் இழை இழையாக நழுவும். பி.வி.சி.யின் நீண்ட மூலக்கூறுகள் குளோரின் அணுக்களின் மின்கவர்ச்சியால் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு நகராமல் நிற்கின்றன. எண்ணெய் போன்ற சிறு மூலக்கூறுகள் நடுவே புகுந்தால் பிடி தளர்கிறது, சங்கிலிகள் நழுவுகின்றன. அந்த எண்ணெய்க்குப் பிளாஸ்டிசைசர் என்று பெயர். இளக்கி என்று சொல்லலாம். இளக்கி சேர்க்காத பி.வி.சி. சுமார் 80 டிகிரி செல்சியஸைத் தாண்டினால்தான் இளகும். போதுமான இளக்கி சேர்த்தால் அந்த வரம்பு அறை வெப்பநிலைக்கும் கீழே இறங்கிவிடும். மெத்தென்ற வகைகளில் எடையில் மூன்றில் ஒரு பங்குகூட இளக்கியாக இருப்பதுண்டு. கையில் பிடித்திருக்கும் ஒயரில் கணிசமான பகுதி, பிளாஸ்டிக்கே அல்லாத எண்ணெய்.

மடிந்தால் உடையாமல், இழுத்தால் நீண்டு, விட்டால் கவ்வி, நாள்பட்டால் மடிப்பைத் தன்னதாக்கிக்கொள்ளும் குணம் அத்தனையும் அந்த எண்ணெய் கொடுத்தது. எண்ணெய் இல்லையேல் சதுரமும் இல்லை, முறுக்கும் இல்லை.

ஒயர் வருவதற்கு முன்பு இது தோலில் நடந்தது. அமெரிக்காவில் ராச்செஸ்டர் நகரச் சாரணர் ராபர்ட் லிங்க் என்பவர் 1920-களில் 'பூன்டாகிள்' என்ற பெயரைக் கொடுத்தார் என்பார்கள். சாரணர்கள் தொப்பியிலும் கழுத்திலும் அணிந்த தோல் பின்னல் அது. பெருமந்தக் காலத்தில், 1935 ஏப்ரலில், நியூயார்க் நகரத்தில் வேலையிழந்தோர் நிவாரண நிதி எப்படிச் செலவாகிறது என்று ஒரு விசாரணை நடந்தது. பூன்டாகிள் பின்னக் கற்றுத்தருகிறோம் என்று ஒரு பயிற்சியாளர் சாட்சி சொல்ல, மறுநாள் அது பத்திரிகையில் தலைப்புச் செய்தி. அன்றிலிருந்து அமெரிக்க ஆங்கிலத்தில் அந்தச் சொல்லுக்கு 'அரசுப் பணத்தில் நடக்கும் வெட்டி வேலை' என்றும் பொருள். ஒரு கைவேலைக்கு இதைவிடப் பெரிய அவதூறு நேர்ந்ததில்லை. நம் ஊரில் பல வீடுகளில் கேஸ் சிலிண்டருக்கும் பள்ளிக் கட்டணத்துக்கும் கைகொடுத்தது ஒயர் கூடை என்பதை அந்த விசாரணைக் குழுவில் யாராவது பார்த்திருக்க வேண்டும்.

கூடையைச் சொன்னதால் ஒரு நுட்பத்தையும் சொல்லிவிட வேண்டும். சாவித் தொங்கலும் ஒயர் கூடையும் அக்கா தங்கை போலத் தெரியும். கட்டுமானத்தில் வேறு வேறு. தொங்கலில் வரிசை வரிசையாக ஒன்றை ஒன்று நம்பி நிற்கின்றன. உச்சி திறந்தால் ஆபத்து. கூடையிலோ நெடுக்கு ஒயரும் குறுக்கு ஒயரும் சந்திக்கும் ஒவ்வொரு இடத்திலும் தனித்தனியாக ஒரு முடிச்சு. சாதா, நெல்லிக்காய், சிவன் கண் என்று எந்த மாதிரியாக இருந்தாலும் முடிச்சுக்கு முடிச்சு சொந்தப் பிடி உண்டு. எலி ஒரு இடத்தில் கடித்துவிட்டால் அங்கே ஓட்டை விழும், அவ்வளவுதான்; கூடை பிரிந்து கொட்டாது. காய்கறி சுமக்க எது வேண்டும், சாவி தொங்க எது போதும் என்பதைக் கைகள் என்றோ முடிவு செய்துவிட்டன.

மறுபடியும் அந்த எண்ணெய்க்கு வருகிறேன், ஏனென்றால் கதையில் அதுதான் சங்கடமான பாத்திரம். இளக்கி பி.வி.சி.யோடு வேதிப்பிணைப்பால் ஒட்டியிருப்பதில்லை. சும்மா நடுவில் உட்கார்ந்திருக்கிறது. இடம் கிடைத்தால் எழுந்து போய்விடும். பள்ளிக்கூடத்தில் ஜியாமெட்ரி பாக்ஸை லீவு முடிந்து திறந்தபோது, ரப்பர் ஸ்கேலில் பசை மாதிரி ஒட்டிக்கொண்டு, பிய்த்தால் ஸ்கேலில் பள்ளம் விழுந்திருந்ததே, நினைவிருக்கிறதா? அந்த ரப்பரும் பெரும்பாலும் இளக்கி ஊறிய பி.வி.சி.தான். அதன் எண்ணெய் கசிந்து ஸ்கேலின் பாலிஸ்டைரீனுக்குள் புகுந்து அதை இளக்கிவிடுகிறது. புது ரப்பருக்கு அட்டைச் சட்டை போட்டு விற்பது அழகுக்காக மட்டும் அல்ல. இதே கசிவால்தான் ஒயர் கூடை ஆண்டுக்கணக்கில் வெயில் பட்டுப் பட்டு எண்ணெயை இழந்து, கடைசியில் மடித்த இடத்தில் பட்டென்று முறிகிறது.

எண்ணெய் ஸ்கேலுக்குப் போவது போல எச்சிலுக்கும் போகும். இளக்கிகளில் நீண்ட காலம் கோலோச்சியவை தாலேட்டுகள். அவற்றில் சில, உடலின் ஆண் ஹார்மோன் இயக்கத்தைக் குலைப்பது எலிகளில் நடந்த சோதனைகளில் தெரிந்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2005-ல் கொண்டுவந்த விதி, மூன்று தாலேட்டுகள் எந்த விளையாட்டுப் பொருளிலும் 0.1 விழுக்காட்டுக்கு மேல் இருக்கக்கூடாது என்றது. குழந்தை வாயில் வைக்கக்கூடிய பொருள்களில் இன்னும் மூன்றுக்கும் அதே வரம்பை வைத்தது. அமெரிக்கா 2008-ல் சட்டம் போட்டது. இந்தியாவில் 2021 ஜனவரி 1 முதல் பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம், பொம்மைகளுக்கான இந்தியத் தரத்தில் தாலேட்டுக்கென்று ஒரு பகுதியே உண்டு. தாலேட் அல்லாத இளக்கிகளும் இப்போது புழங்குகின்றன. ஆனால் கூடை பின்னவென்று கட்டுக்கட்டாக விற்கும் ஒயர் பொம்மை அல்ல. கட்டைப் பார்த்து அதிலுள்ள எண்ணெய் எது என்று யாராலும் சொல்ல முடியாது. பன்னிரண்டு வயதுப் பெண் கையால் பின்னுவதில் பயப்பட ஒன்றுமில்லை என்றே நினைக்கிறேன். ஒயரைப் பல்லால் கடித்து இழுப்பதும், பல் முளைக்கும் தம்பியிடம் தொங்கலைக் கொடுப்பதும்தான் வேண்டாதவை.

முடிப்பதைப் பற்றியும் ஒரு வார்த்தை. உச்சி வரிசை அவிழாமலிருக்க மெழுகுவத்தியில் காட்டி உருக்குவது எல்லோரும் செய்வது. பி.வி.சி. கருகினால் எழும் மூக்கைத் துளைக்கும் நெடி ஹைட்ரஜன் குளோரைடு. தண்ணீரில் கரைந்தால் அது ஹைட்ரோகுளோரிக் அமிலம். தீ தேவையே இல்லை. கடைசி வரிசையை இறுக்காமல் விட்டு, ஒவ்வொரு முனையையும் பக்கத்து வளைவுக்கு அடியில் கொண்டுபோய் நடுவழியாக மேலே எடுத்து, நாலையும் சேர்த்து இழுங்கள். ஒவ்வொரு முனையும் அடுத்ததின் கழுத்தைப் பிடித்துக்கொள்ளும். ஆய்லரின் கணக்கில் இல்லாமல் போன அந்த முதல் பிடி அங்கே கிடைத்துவிடும். ஒரு சொட்டுப் பசையும் வைத்தால் உத்தமம்.

அக்கா மகள் கொடுத்த இரண்டையும் நான் ஆறு மாதமாக மேசை ஓரத்தில் வைத்திருந்தேன், ஒரு பிளாஸ்டிக் ஸ்கேலின் மேலேயே. இப்போது அந்த ஸ்கேலில் 11 சென்டிமீட்டருக்கும் 14-க்கும் நடுவே எண்கள் அழிந்து, ஒயரின் மடிப்புத் தடம் வரிசை வரிசையாகப் பதிந்திருக்கிறது. சதுரத்தின் தடம் ஏணி போல நேராக, முறுக்கின் தடம் சாய்ந்து சாய்ந்து. உங்கள் வீட்டில் இப்படி ஏதாவது இருந்தால் பிளாஸ்டிக் டப்பாவில் போட வேண்டாம். கண்ணாடிச் சீசாவில் போட்டு வையுங்கள்.